வலிக்கு மாட்டிவிடும் கண்ணாடி

எமர்ஜென்சி நர்ஸ் வேலையில் பாதி, வலியில் துடிப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முடிக்கும்வரை நிற்பதுதான். நிற்பவளுக்கும் தோள் இறுகிவிடும். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போன வருடம் ஒரு வி.ஆர். கண்ணாடி வந்தது. தலையில் கட்டிவிட்டால் நோயாளி கடலுக்கடியில் இருப்பார். திரும்பிய பக்கமெல்லாம் மீன். மார்ஃபின் மாதிரி வலியடக்கும் ஊசிகளைக் குறைக்கலாம் என்றார் எங்கள் டாக்டர் ராகவேந்திரா. மாட்டிவிடும் பொறுப்பு எனக்கு.

பார்க்காமல் எப்படி?

பிரேசர் டவுன் பிலோமினா ஆன்ட்டிக்கு வெந்நீர் கொட்டி முன்கை முழுக்கக் கொப்புளம். ஆஸ்துமா இருந்ததால் பலமான ஊசி போட டாக்டர் தயங்கினார். புண்ணைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும். ஆன்ட்டியோ கண்ணாடியே வேண்டாம் என்றார். தன் கையில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் இன்னும் பயமாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே கண்ணாடிக்குத் தலையைக் காட்டினார்.

இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். இரண்டு முறையும் பஞ்சை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. கட்டுப் போட்டு முடித்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“வலி எங்கேயும் போகல சிஸ்டர், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துச்சு.”

என் ஆர்வக்கோளாறு

அந்தத் தெம்பில் ஒரு தப்புச் செய்தேன். பீன்யா தொழிற்சாலையில் இரும்புச் சட்டம் விழுந்து தொடை எலும்பு முறிந்தவரைக் கொண்டுவந்தார்கள். ஊசி தயாராகும்வரை இருக்கட்டுமே என்று, யாரையும் கேட்காமல் கண்ணாடியை மாட்டினேன். கடல் ஆடியதில் தலைசுற்றி, அரை நிமிடத்தில் மல்லாந்து படுத்தபடியே வாந்தி எடுத்தார். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண்ணாடியைப் பிடுங்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாய்க்குள் உறிஞ்சு குழாயை விட்டேன்.

மூச்சு சீராகி, மருந்து ஏறி, அவர் முகம் இளகிய பிறகு டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் பேசும் தமிழில் பாதி கன்னடம்; ‘வேண்டாம்’ என்பது ‘பேட’ என்றுதான் வரும்.

“இவருக்கு மீன் பேட சிஸ்டர், மார்ஃபின் கொடுங்க.”

அடுகோடி மெக்கானிக்

சேகருக்கு முப்பது வயதிருக்கும். பைக்கிலிருந்து விழுந்து தோள்மூட்டு நழுவியிருந்தது. நான் ஊசியோடு போனதும், மனைவி வெளியே போகட்டும் என்றார். போன பிறகு சொன்னார்: முதுகுவலிக்கென்று ஆரம்பித்த ஊசியை விட முடியாமல் கிடந்து, மறுவாழ்வு மையத்தில் மீண்டவர். இரண்டு வருடமாகத் தொடவில்லை. மறுபடி ஒன்று ஏறினால் தன்னை நம்ப முடியாது என்றார்.

மூட்டை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்து கொடுத்து, கண்ணாடியோடு முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். முதல் தடவை அவர் கையை இழுத்தும் மூட்டு இடத்தில் ஏறவில்லை. சேகர் சட்டை வேர்வையில் ஊறிவிட்டது. இன்னொரு தடவைதான், அப்புறம் மயக்க மருந்து, அதைப் பற்றியும் பேசி முடிவு செய்வோம் என்றார் டாக்டர். சேகர் கண்ணாடியைத் தூக்கி, தட்டில் இருந்த ஊசியையே பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னார். அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாவது தடவை, மீன்களை எண்ணச் சொன்னேன். பதினேழில் குரல் உடைந்தது. பதினெட்டை அலறலாகச் சொன்னார். தோளில் ‘கடக்’ என்று மூட்டு ஏறியது. பிறகு அழுதார்.

மனைவி உள்ளே வந்து கேட்டது ஒன்றே ஒன்று: ஊசி போட்டீர்களா? இல்லை என்றேன். சத்தம் வெளியே கேட்டிருக்குமே, பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“அவர் கத்தினா கத்தட்டும் சிஸ்டர், நான் கேட்டுக்கிறேன்.”

இத்தனை பேரைக் கடலுக்கு அனுப்பிய நான் பயிற்சி நாளில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்ததோடு சரி, எமர்ஜென்சியில் இருப்பவளுக்கு மூழ்க எங்கே நேரம்!