நிறுத்திய பிறகும் கேட்ட சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார்கள். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இதில் கெட்டிக்காரர் என்பதால் அந்த மெக்கானிக்குகளில் ஒருவருக்குப் ‘பாம்புச்செவி’ என்றே பெயர். இருபது வருடத்தில் காது ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்பார். கூடவே வேலை பார்க்கும் மனைவியின் தம்பி அதில் பாதியைத்தான் நம்புவான்.

அவருக்குக் கொரோனா வந்து, நாலு நாள் காய்ச்சலோடு விட்டு, மூன்றாவது வாரம். எட்டு மாடிக் கட்டடத்தில் வருடாந்திர பராமரிப்பு. லிஃப்டை நிறுத்திவிட்டு, மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறினார்கள். பாம்புச்செவி ஐந்தாவது மாடியில் உட்கார்ந்தார். ஏழாவதிலும் உட்கார்ந்தார்.

“என்ன மாமா, மாடிக்கு மாடி குடியேறுறீங்க?”

“காய்ச்சல் விட்ட உடம்புடா. அப்படித்தான் இருக்கும்.”

மேலே மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்தார். முகம் மாறியது.

“மாப்ளே, தட்டுது! ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, அப்புறம் ஓங்கி ஒண்ணு. பேரிங் போச்சு.”

அரை நாள் மல்லுக்கட்டிப் புதிய பேரிங் போட்டார்கள். மோட்டாரை ஓடவிட்டு, கண்ணை மூடி மறுபடி காதை வைத்தார். அதே தட்டல்.

“புதுசும் கோளாறு. கழட்டு.”

“மாமா, நான் மோட்டாரை நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு.”

“பொய் சொல்லாதே. நல்லாக் கேக்குதே!”

“சத்தியமா மாமா. கண்ணைத் திறந்து பாருங்க.”

மெயின் ஸ்விட்ச் இறங்கியிருந்தது. மோட்டாரில் அசைவே இல்லை. காதில் மட்டும் ரெண்டு தட்டு, இடைவெளி, ஓங்கி ஒன்று. மைத்துனன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். விரலுக்கடியில் நாடியும் அதே கணக்கு.

“மாமா! கோளாறு உங்ககிட்ட! எந்திரிங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, லிஃப்ட்லயே இறங்கலாம்!”

ஈசிஜி எடுத்து, எக்கோவும் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “கொரோனா சிலருக்கு இதயத் தசையை வீங்க வச்சிடும். காய்ச்சல் லேசா இருந்தாலும் வரலாம். அதான் துடிப்பு தப்புது, ரத்தத்தைத் தள்ளுற பலமும் குறைஞ்சிருக்கு. இப்படியே படியேறிட்டிருந்தா விபரீதமாயிருக்கும்.”

“திரும்ப வேலைக்கு ஏறுவேனா டாக்டர்?”

“மாத்திரை தர்றேன். ஆறு மாசம் ஓடக் கூடாது, ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அப்புறம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.”

அந்த ஆறு மாதமும் மனைவிதான் காவல். காலி சிலிண்டரை நகர்த்தப் போனாலும் அதட்டல்தான். “கையை எடுங்க! உங்களை வேலைக்கு அனுப்பாம எனக்கு விமோசனம் இல்ல.”

ஏழாம் மாதம் மறுபடி எக்கோ. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் துடிப்பைப் பதியும் ஒயரோடு திரிந்தார். டிரெட்மில்லில் நடந்தார், ஓடினார். டாக்டரம்மா தாள்களைப் புரட்டி முடிப்பதற்குள் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“நல்லதோ கெட்டதோ, சொல்லிடுங்கம்மா.”

“வீக்கம் போயிடுச்சு. துடிப்பும் சீரா இருக்கு. ஏறலாம். முதல்ல ரெண்டு மாடி, நிதானமா. மூச்சு வாங்கினா நிக்கணும், சாக்குச் சொல்லக் கூடாது.”

ஆஸ்பத்திரி மருந்துக்கடை இரண்டாவது மாடியில் இருந்தது. அவர் நேரே படிக்கட்டுக்குப் போனார். மனைவி பின்னாலேயே ஓடினாள். முதல் மாடி. இரண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடிக்காமல் நின்று திரும்பிப் பார்த்தார்.

“இருங்க, நில்லுங்க,” என்றாள் பத்துப் படிக்குக் கீழே இருந்து. “எனக்குத்தான் மூச்சு வாங்குது!”