நாவலூர் ஷேர் ஆட்டோவில் ஒரு எலிஃபென்ட்

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் கால். நாவலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் இயர்போன் உயிரை விட்டதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

மேனேஜர் ஆங்கிலத்தில் பொழிந்தார். ரூமுக்குள் எலிஃபென்ட் இருக்கிறதாம், அதைப் பற்றி யாரும் பேசவில்லையாம். டக்ஸை எல்லாம் நாளைக்குள் வரிசையில் நிறுத்த வேண்டுமாம். என் லீவைப் பற்றிக் கேட்டதற்கு, ஹார்ஸை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

கால் முடிந்ததும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டலூர் ஜூவுலயா வேலை?"

"இல்லண்ணா, ஐடி கம்பெனி."

"அப்புறம் இன்னாத்துக்கு அவரு யானை, வாத்து, குதிரைன்னு பேசிகினு கீறாரு?"

"அவங்க பேச்சு அப்படித்தாண்ணா."

டிரைவர் கியரை மாற்றினார்.

"ஜூவுன்னா செவ்வாக்கிழமையாவது லீவு வுடுவாங்க சார்."

வண்டலூரில் ஆள் எடுக்கிறார்களா, யாருக்காவது தெரியுமா? கூண்டுக்கு உள்ளே என்றாலும் பரவாயில்லை.