மெலிந்த வாள்வீரனுக்கு ஏற்ற திரை

பழைய ஜப்பானிய அனிமே கார்ட்டூன் பார்க்க நல்ல ரீவி தேடி இன்று நெளுக்குளத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

என் பென் டிரைவைக் கடைக்கார அக்கா பெரிய ரீவி ஒன்றில் செருகினார். படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்குது தம்பி" என்று ரிமோட்டை அமத்திப் படத்தை அகலமாக்கிவிட்டார். கதாநாயகனான மெலிந்த வாள்வீரன் குண்டனாகிவிட்டான்.

"இப்ப பாருங்கோ, வடிவா சாப்பிட்ட பிள்ளை மாதிரி இருக்கிறான்."

"அக்கா, அது பழைய சதுர ரீவிக்கெண்டு செய்த படம்."

சொல்லும்போதுதான் கவனித்தேன். அந்தப் பெரிய ரீவி நின்றதே ஒரு பழைய சதுர ரீவியின் மேல்தான்.

"கீழ இருக்கிறது வேலை செய்யுமோ?"

"ஓம், திறமா வேலை செய்யும். ஆனா தரேலாது. பிறகு இந்தப் புதுசை எதுக்கு மேல வைக்கிறது?"

யாருடைய வீட்டிலாவது ஒரு மேசை சும்மா கிடக்கிறதா? எனக்கில்லை, அக்காவுக்கு.