இரண்டு கட்டை கீழே

போன ஞாயிறு, நியூஜெர்ஸியில் எங்கள் பிஸ்கட்டவே ஊர்ப் பூங்காவில் ஒருவர் மைக் முன்னால் வந்து நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். பாடவில்லை.

சாயங்கால வெயில் புல்தரையில் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. தலைக்கு மேலே தட்டான்கள். ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மெல்லப் பேச்சை நிறுத்தினார்கள்.

“இஸ் ஹி ஓகே, உம்மா?” என்று என் மகள் கிசுகிசுத்தாள்.

அவர் ஜோனா. ஜமைக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே அம்மாவோடு நியூஜெர்ஸிக்கு வந்தவர்; ரெகே என்ற ஜமைக்கா இசையின் பாடகர். அவருக்குப் பக்கத்தில் பேஸ் கிடாரோடு நின்றவர் என் கணவர் ரஃபி. கீழக்கரைக்காரர். வாரம் முழுக்க மருந்து கம்பெனி லேப், ஞாயிறானால் ரெகே. இதை ஊரில் என் மாமியாரிடம் எப்படி விளக்குவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!

ஜோனா ராஸ்டஃபாரி மார்க்கத்தைச் சேர்ந்தவர். அவர்கள் இறைவனை ‘ஜா’ என்பார்கள். ஜோனா தலைமுடியை வெட்டுவதில்லை. சடைகள் இடுப்பைத் தொடும். உடம்பில் கத்தி படக்கூடாது என்பதும் அவர் நம்பிக்கை. ஆனால் அவர் அம்மா மிஸ் பெர்ல், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மகன் சடை வளர்த்த நாளிலிருந்து அவன் பாட்டைக் கேட்கப் போனதே இல்லை. ‘ஜா’ என்ற சொல்லைக்கூட உச்சரிக்க மாட்டார்.

ஜோனா பிரபலமானது ஒரு குளிர்காலத்தில். அவர்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் ஹீட்டர் செத்துப் போனது. ஓனர் கண்டுகொள்ளவில்லை. ஜோனா தினமும் மாலையில் லாபியில் நின்று பாடினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்து கூடப் பாடினார்கள். யாரோ அதை போனில் எடுத்து நெட்டில் போட, ரேடியோவில் வந்தது. ஹீட்டருக்கும் உயிர் வந்தது!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு ஹீட்டர் கம்பெனி அந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டது. ஜோனா மறுத்துவிட்டார். “அது குளிர்ல நடுங்கினவங்க பாட்டு. ஹீட்டர் விக்கிற பாட்டு இல்ல.” (அவர்கள் பேசுவது ஜமைக்கா இங்கிலீஷ். நான் நம்ம பாஷையில் சொல்கிறேன்.) இசைக்குழுவுக்குப் புது வேன் வரும் என்று கனவு கண்ட ரஃபி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

போன வருடம் அந்தக் குரல் கட்டிக்கொண்டது. குரல் நாணில் கட்டி. ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்றார்கள். ஜோனா மாட்டேன் என்றார். விரதம் இருந்தார், மூலிகை குடித்தார். குரல் தேய்ந்து தேய்ந்து வெறும் காற்றானது.

ஒருநாள் நானும் ரஃபியும் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் பெர்ல் கிச்சனிலிருந்து வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஜோனா, ஒண்ணு கேக்கறேன். அந்த டாக்டரோட கையைப் படைச்சது யாரு?”

ஜோனா தலையைக் குனிந்துகொண்டார்.

“உன்னோட ஜாதானே?”

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அம்மா வாயிலிருந்து அந்தப் பெயர்! வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. ஜோனா அம்மாவின் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழைய குரல் வரலாம், வராமலும் போகலாம் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் முதல் மேடை, இந்தப் பூங்கா. முன்வரிசையில், சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு மிஸ் பெர்ல்.

ஒருவழியாக ஜோனா வாயைத் திறந்தார். கிடங்குகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களைப் பற்றிய புதுப் பாட்டு. இரண்டாவது வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். ட்ரம்ஸ்காரர் கைகூட நின்றுவிட்டது.

ரஃபி நிறுத்தவில்லை. தனியாக வாசித்துக்கொண்டே சுருதியில் இரண்டு கட்டை கீழே இறங்கினார். வேகத்தையும் குறைத்தார். கீபோர்ட் புரிந்துகொண்டு பின்னாலேயே இறங்கியது. ட்ரம்ஸ் சேர்ந்துகொண்டது.

ஜோனா கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, அந்த ஆழத்திலிருந்து பாட ஆரம்பித்தார். அது பழைய குரல் இல்லை. ஈர மண்ணுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு குரல். மரங்கள் அசைந்தன, மேகங்கள் நகர்ந்தன, எல்லாம் அந்தத் தாளத்துக்கே நடப்பதுபோல... எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்?

முடிந்ததும் ஜோனா இறங்கி நேரே அம்மாவிடம் வந்தார். “எப்படிம்மா இருந்துச்சு?”

மிஸ் பெர்ல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நல்லா மெதுவா பாடறே. இப்பத்தான் நீ என்ன சொல்றேன்னே எனக்குப் புரியுது.”

ஜோனா சிரித்துக்கொண்டே அழுதார்.

குரல் போய்விட்டதே என்று பயந்துகொண்டிருந்தோம். போனது உயரம் மட்டும்தான்.

திரும்பும்போது காரில் கேட்டேன். “கீழ இறங்கணும்னு எப்படித் தெரிஞ்சது மச்சான்?”

“அவர் மூச்சு விட்டது கேட்டுச்சு புள்ள.”

மூச்சு விடுவதே கேட்கிறதாம்! அப்படியென்றால் நான் வீட்டில் கத்துவது மட்டும் ஏன் காதில் விழுவதில்லை...?