கடலுக்குப் போன கூரை

புயலில் விழுந்த பனைகள் சாலையை மறித்துக் கிடக்கின்றன. தூத்துக்குடிக்குப் போகும் எங்கள் பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுவது, கடலோரக் குடியிருப்பு ஒன்றில் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கலாம் என்று ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன். உள்ளேயும் மழை. நான்கு சுவர்கள், மேலே வானம்.

“கூரை எங்கேம்மா?”

“கடலுக்குப் போயிருக்கு அண்ணாச்சி, இப்ப வந்துரும்” என்கிறாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சவேரியம்மாள். “அதுவரைக்கும் ஒங்க கொடைய இங்கன பிடிங்க.”

ஓலைக்கூரையைப் புயல் கொண்டுபோனதிலிருந்து மீன்பிடி வள்ளத்தின் பாய்தான் இவர்களுக்குக் கூரை. காலையில் அவள் புருஷன் அதை அவிழ்த்துக்கொண்டு மீனுக்குப் போகிறார். திரும்பி வந்ததும் கட்டுகிறார். கஞ்சிப் பானைக்குக் குடை பிடித்தபடி நான் தொப்பலாக நனைகிறேன்.

“கூரை வருது!” என்று பிள்ளைகள் கத்துகின்றன. மீன் பட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் ஓடிவந்து பாயைச் சுவர்மேல் இழுத்துக் கட்டுகிறார்.

“இனி என்ன பயம்? கொடைய மடக்குங்க அண்ணாச்சி” என்கிறார்.

மடக்குகிறேன். வெளியே மழை விட்டுவிட்டது. பாய் குடித்திருந்த கடல்தண்ணீர் பானைக்குள் சளசளவென்று ஒழுகுகிறது. நான் பதறிக் குடையை விரிக்கிறேன்.

சவேரியம்மாள் கையமர்த்துகிறாள்: “விடுங்க அண்ணாச்சி, கஞ்சிக்கு இன்னும் உப்புப் போடல.”