அப்பா மன்னிக்கவில்லை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல சொற்கள் நாலு எதிர்பார்ப்பீர்கள். அவை வரும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் அப்பா என் தாய்மாமனை மன்னித்துவிட்டார் என்று இந்த ஓராண்டாக நம் வீட்டு விசேஷங்களில் பேச்சு நடக்கிறது. அது உண்மை இல்லை. கட்டிலருகே நின்றவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதவே இந்தக் கட்டுரை.

அப்பா ஜெகதாப்பட்டினத்தில், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்து, விசைப்படகில் ஏறினார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவர் போன படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டது. சில வாரங்கள் கழித்து அப்பா திரும்பினார். படகு திரும்பவில்லை. அதன் பிறகு அம்மா அவரைக் கடலுக்கு விடவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் வேலைக்குப் போனார். அவர் குரல் ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்கும் என்பார்கள். ஏலத்தில் ஒரு நாளும் அவர் பழைய மீனைப் புதிய மீன் என்று கூவியதில்லை. அதற்காகவே வெளியூர் வியாபாரிகள் அவர் நிற்கும் பக்கம் வந்து நிற்பார்கள். இருந்த சேமிப்பில் சின்ன பைபர் படகு ஒன்று வாங்கி, பங்குக்கு விட்டிருந்தார்.

நான் பிளஸ் டூ முடித்தபோது நர்சிங் படிக்க ஆசைப்பட்டேன். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், அறந்தாங்கிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ‘உயர்கல்வி வழிகாட்டி’ என்று ஒரு பலகையும் தொங்கியது. மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்க வரும் பிள்ளைகளைப் பார்த்து, எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று அவர் சொல்வார். என்னை ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

“நம்ம புள்ள மச்சான். கண்ண மூடிக்கிட்டுச் சேத்து விடுங்க. நான் இருக்கேன்ல” என்றார்.

அப்பா பைபர் படகை விற்றார். அம்மா தாலிச் செயினைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். நான்கு வருடம் படித்து, வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் அச்சடித்த பட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். செவிலியராகப் பதிவு செய்யச் சென்னைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கல்லூரிக்கு அந்தப் படிப்பு நடத்த அனுமதியே இல்லை என்று. என் பட்டம் எங்கும் செல்லாது.

அப்பா என்னை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். முதல்வரைப் பார்க்க விடவில்லை. அலுவலகத்தில் இருந்த ஒருவர், எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடும் அவசரத்தில், “ஒங்க மச்சான்கிட்ட கேளுங்க. ஒங்க புள்ளையச் சேத்ததுக்கும் அவருக்கு உண்டான கமிஷன் போயிருச்சுல்ல” என்றார்.

அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அறந்தாங்கியில் இறங்கி நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனோம்.

“எம் மகளுக்கும் வாங்குனீங்களா மாப்ள?”

“எல்லாருக்கும் குடுக்குறதுதான் மச்சான். நான் கேட்டா வாங்குனேன்?”

“அனுமதி இல்லேன்னு தெரியுமா, தெரியாதா?”

மாமா பதில் சொல்லாமல் மெஷினில் பேப்பர் அடுக்கினார். அந்த மௌனத்தைத்தான் அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் அன்றே விட்டிருப்பார்.

வழக்குப் போடச் சொன்னவர்கள் உண்டு. அப்பா போடவில்லை. அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, “ஒரு கல்லூரில சேருறதுக்கு முன்னால என்னென்ன கேக்கணும் ஆத்தா? தமிழ்ல எழுதிக் குடு” என்றார். மூன்று கேள்விகள் எழுதினேன். இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி உண்டா? அனுமதிக் கடிதத்தைக் காட்டுவீர்களா? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பர் தருவீர்களா?

அந்தத் தாளோடு மாமாவின் கடைக்கே போனார். நானும் போயிருந்தேன். ஐந்தாறு தாய் தகப்பன்மார் சான்றிதழ்களோடு காத்திருந்தார்கள்.

“மாப்ள, இதுல நூறு காப்பி போடுங்க.”

மாமா படித்தார். முகம் கறுத்தது. “என்ன மச்சான் இது?”

“தமிழ்லதானே எழுதிருக்கு.”

“நம்ம கடையிலயே வந்து...”

“வேற கடையில போட்டா காசு அங்கிட்டுப் போயிருமே. நீங்க சம்பாதிக்கட்டும்னுதான் வந்தேன்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நகல் எடுத்தார். நூறு தடவை அந்த மெஷின் வெளிச்சம் ஓடியதை நின்று பார்த்தேன். எனக்கு அது இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை. வரிசையில் நின்ற ஒரு அம்மா, “எனக்கும் ஒண்ணு குடுங்கண்ணே” என்று முதல் தாளைக் கேட்டு வாங்கினார்.

கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. அப்பா அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். ஏலக் கூலியை விட்டுவிட்டு, சேர்க்கை முடியும்வரை தினமும் உட்கார்ந்தார். கடையை விட்டு வெளியே வரும் பெற்றோரைக் கூப்பிட்டு, லேமினேஷன் போட்ட என் பட்டத்தைக் காட்டுவார். “இது எம் மக வாங்குன பட்டம். நாலு வருசம். படகு போச்சு, நகை போச்சு. எங்கிட்டும் செல்லாது.”

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஊர் முழுக்க என் புகைப்படத்தோடு அந்தப் பட்டம் சுற்றுகிறது. “பேர மறைச்சிட்டாவது காட்டுங்கப்பா” என்று அழுதேன்.

“பேர மறைச்சா பொய்யும்பாங்க ஆத்தா” என்றார். பிறகு, “ஒனக்கு வேணாம்னா இன்னையோட விட்டுர்றேன். சொல்லு” என்றார்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தாள். “காட்டுங்கப்பா” என்றேன்.

டீக்கடையில் ஒருவர், “அப்ப படிக்கவே வைக்க வேணாங்குறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அப்பா கோபப்பட்டாராம். “யாரு சொன்னா? படிக்க வைங்க. மீனுக்குச் செவுளத் தொறந்து பாக்காம ஏலத்துல கை நீட்டுவீங்களா? புள்ளையோட நாலு வருசத்த மட்டும் பாக்காமக் குடுத்துருவீங்களா?”

படிப்பின் மேல் அவருக்கு வெறுப்பு வரவே இல்லை. என்னை மறுபடி படிக்கச் சொன்னவர் அவர்தான். நான் மூன்று ஆண்டுகள் மறுத்தேன். பிறகு அரசு மருத்துவமனையில் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். என்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து, ஏற்கெனவே படித்ததையே மறுபடி படித்தேன். பட்டத்துக்குச் செலவழித்தது வீணா என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு அது வீண். வீணாக்கியவர் பெயர் தெரிந்த வீண்.

ஆறு ஆண்டுகள் அப்பா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறாம் ஆண்டு மாமா பலகையைக் கழற்றினார். கல்லூரி மூடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் நம் கடற்கரையிலிருந்து ஒரு பிள்ளையும் அங்கே போகவில்லை.

இதற்காக அப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்றவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலும் உண்டு. என் திருமண அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் இல்லாததைப் பெரிய குறையாகப் பேசினீர்கள். சமாதானம் பேச வந்தவர்களிடம் அப்பா ஒன்றுதான் சொன்னார். “தெரிஞ்சே தப்புப் பண்ணிட்டேன்னு அவர் வாயால சொல்லட்டும். அன்னைக்கே அவர் வீட்டுல ஒக்காந்து சாப்புடுறேன்.” அம்மாவைத் தம்பி வீட்டுக்குப் போகக் கூடாதென்று அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. “ஒன் தம்பி. நீ போய்ட்டு வா. நான் வாரல” என்பார். போய்வந்த நாட்களில் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அந்த வலி எங்களுக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு நுரையீரல் பழுதாகி அப்பா புதுக்கோட்டை மருத்துவமனையில் கிடந்தபோது மாமா வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் மறந்துருங்க மச்சான்” என்றார். அப்பா கண்ணில் நீர் வழிந்தது. வாசலில் நின்ற உறவினர்கள் பார்த்தது அவ்வளவுதான். அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி மாமாவிடம் கேட்டது என் காதில் மட்டுமே விழுந்தது.

“அங்க சேத்தது மொத்தம் எத்தன புள்ளைங்க மாப்ள?”

மாமா என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

“அதச் சொல்லிட்டுப் போங்க” என்றார் அப்பா. ஊரையே நிறுத்திய அந்தக் குரலில் அப்போது காற்று மட்டுமே இருந்தது. மாமா கையை விடுவித்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் வைத்து மாமா கொண்டுவந்தபோது, பத்து ஆண்டுகளாகத் தம்பியிடம் இந்தப் பேச்சையே எடுக்காதிருந்த அம்மா எடுத்தார். “அவர்ட்ட சொல்லாதத எங்கிட்டயாச்சும் சொல்லுடா. வாங்கிக்கிறேன்.” கூட்டம் முழுவதும் காத்திருந்தது. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அம்மா தொடவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு: அம்மா அன்று எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தார்.

ஆறு ஆண்டுகளும் அப்பாவிடம் டீக்குக் காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணனுக்கும், அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றி ஊர் ஊராகக் கொண்டு போன பெற்றோருக்கும், நான் பட்டயம் படித்த காலத்தில் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பிய ஏலக்கூடத்து நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியர் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அப்பா மறைந்து நாற்பது நாள் ஆவதற்குள் அறந்தாங்கிக் கடையில் பலகை மறுபடி ஏறியது. நாங்கள் துக்கத்தில் இருந்தோம். எதிரே யாரும் உட்காரவில்லை. நம் ஊரிலிருந்து மூன்று பெண் பிள்ளைகள் அந்தக் கல்லூரிப் பேருந்தில் ஏறினார்கள். அந்த மூன்று பேரையும் நான் தடுத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு பிளஸ் டூ முடிவு வரும் வாரத்திலிருந்து, நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமா, இந்த மலரின் முதல் பிரதி உங்களுக்குத்தான். நகல் எடுக்க நானே கொண்டு வருகிறேன்.