ஹெலிகாப்டரின் மேல் நான் பாய்ச்சிய பச்சை ஒளி

இறங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சியவன் நான்தான். அடி வாங்கியவர் வேறொருவர்.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகமறியாதவர் என்பதால் வந்த துணிச்சல் இது. மற்றபடி நான் வீரனல்ல!

அப்போது விக்கிரமங்கலத்தில் மைக்செட் வைத்திருந்தேன். ஒரு தேர்தல் கோடையில், அரியலூருக்கு வெளியே ஒரு திடலில் பெரிய தலைவர் ஒருவரின் கூட்டம். அவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்றார்கள். ஒலிபெருக்கி, விளக்கு எல்லாம் என்னுடையவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த லேசர் விளக்கு ஒன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஹெலிகாப்டர் இறங்கச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். புழுதி எழாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கும் வேலை கலியபெருமாள் அண்ணனுடையது. சொந்தமாகத் தண்ணீர் லாரி வைத்திருந்தவர். அன்று மூன்று நடை அடித்தார். மண் சொதசொதவென்று கிடந்தது... என் செருப்பில் சேறு ஒட்டியது. ஆகவே எனக்குத் தெரியும்.

மதியம் வரவேண்டியவர் பொழுது சாயும்போதுதான் வந்தார். சத்தம் கேட்டதும் கூட்டம் எழுந்து நின்றது. நான் லேசரை எடுத்து மேலே காட்டினேன். மங்கலான வானத்தில் பச்சைக் கோடு ஒன்று நேராக ஏறியது. விசில் பறந்தது! வரவேற்பு கொடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஹெலிகாப்டர் லேசாக ஆடியது. கண்ணாடிக்குப் பின்னால் விமானி கையை முகத்துக்கு நேரே தூக்கியதும் தெரிந்தது.

அப்போது நிறுத்தியிருந்தால் அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். நிறுத்தினேனா? கூட்டம் இன்னும் கத்தியது. மறுபடியும் அடித்தேன்... நேராகக் கண்ணாடியைப் பார்த்து.

ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சரிந்தது. பெண்கள் நின்ற பக்கம்! அங்கேதான் என் மனைவியும் ஐந்து வயது மகளும் நின்றார்கள். பந்தல் துணி கிழிந்து பறந்தது. நான் வாய் திறந்து கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசி நொடியில் அந்த விமானி எப்படியோ இயந்திரத்தை மேலே தூக்கி, திடலைத் தாண்டி, அறுவடை முடிந்த கடலைக்காட்டில் இறக்கினார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் மகள் இன்று உயிரோடிருப்பது அவர் போட்ட பிச்சை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தினமும் சாமி கும்பிடும்போது அந்த முகத்தையும் நினைத்துக்கொள்கிறேன்.

தலைவர் காரில் மேடைக்குப் போனார். நான் கடலைக்காட்டுக்கு ஓடினேன். விமானி தனியாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். என் கையில் இன்னும் லேசர் இருந்தது.

"நீங்கதானா?" என்றார்.

தலையாட்டினேன்.

"மூணு நாலு செகண்டு எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. எல்லாம் பச்சையா இருந்துச்சு. கீழ அவ்வளவு பொம்பளைங்க... இது ஜெயிலுக்குப் போற குத்தம், தெரியுமா?"

"தெரியாது சார். என் புள்ளையும் அங்கதான் சார் நின்னுச்சு..."

அவர் திடல் பக்கம் கையைக் காட்டினார். "புழுதிதான் காரணம்னு தண்ணி லாரிக்காரரைப் புடிச்சிட்டுப் போறாங்களாம். நான் புகார் எழுதினா நீங்க தப்பிக்க முடியாது. நீங்களே போயிச் சொல்லிடுங்க. தெரியாம பண்ணதுன்னு நானும் சொல்றேன். அவரை விட்டுடுவாங்க. சொல்லிடுவீங்கள்ல?"

"சொல்லிடறேன் சார். சத்தியமா."

அவர் நம்பினார்! என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அதை மறுக்க மாட்டேன். கலியபெருமாள் அண்ணன் சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது. வாங்கிப்போன டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன்.

"அண்ணன் நல்லாத்தாங்க தண்ணி தெளிச்சாரு. நான் பாத்தேங்க."

"அப்பறம் எப்புடிய்யா ஆடுச்சு? நீ ஆட்டிவுட்டியா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவனுக்குக் கிடைக்கும்? ஆமாம் என்ற ஒரு சொல் போதும். சிறை என்ற சொல் மட்டும் என் காதுக்குள் நின்றது. மனைவி, மகள், தொழில்...

"இல்லீங்க சார்," என்றேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணனை விட்டார்கள். நான் வந்து சொல்லிவிட்டேன் என்றே அந்த விமானி நினைத்திருக்க வேண்டும். புகார் ஏதும் வரவில்லை. ஆனால் பொறுப்பில்லாதவர் என்ற பெயர் கலியபெருமாள் அண்ணனுக்கு ஒட்டிக்கொண்டது. கோடையில் ஊர்களுக்குத் தண்ணீர் அடிக்கும் வேலையைப் பறித்தார்கள். லாரி கைவிட்டுப் போயிற்று. யாரோ ஒருவருடைய லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் அலைந்தார்.

அவர் என்னை வெறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ எனக்கு நன்றி பாராட்டினார்! என் மகளின் சடங்கன்று ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சொல்லாமலே எங்கிருந்தோ ஒரு டேங்கரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அன்று என் வீட்டில் உலை கொதித்தது அவரால்தான். நான் நன்றி சொன்னபோது, "போ தம்பி, நமக்குள்ள என்ன!" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் பெரியவளான ஆனந்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நன்றி கெட்டவன் நான் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை... நெஞ்சு முட்ட நன்றி இருக்கிறது. உண்மை மட்டும்தான் வாய்க்கு வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, மீன்சுருட்டியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தி முன்னால் நிறுத்தினார்.

"என்னைய அன்னைக்கி ஸ்டேஷன்ல வச்சு அடிச்சப்ப, கூடப்பொறந்தவன்கூட எட்டிப் பாக்கல. எனக்காக வந்து பேசுன ஒரே ஆளு இந்தத் தம்பிதான். இவரு எனக்குச் சாமி மாதிரி!"

சம்பந்தி எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மணப்பெண்ணைக் கூப்பிட்டு என் காலில் விழச் சொன்னார் கலியபெருமாள் அண்ணன். அவள் விழுந்தாள்.

நான் விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசினேன்.